வசீகரமும் திரும்பும் டிக்கெட்டும்

கிரேக்கத் தீவுகளுக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் கேட்டார்கள். எழுதினேன். எட்டுப் பக்கம் வந்தது. மறுநாள் எடுத்துப் படித்தபோது, கப்பல் டிக்கெட் விற்கும் இடங்களில் இலவசமாகக் கொடுக்கும் வழவழப்பான தாளில் அச்சாக வேண்டிய விஷயமாக அது இருந்தது. நீலக் கடல், வெள்ளைச் சுவர், காற்று, மௌனம். தனியாக எடுத்துப் பார்த்தால் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நான் கண்ணால் கண்டவை. ஆனால் மொத்தமாகப் பார்க்கும்போது அதில் ஒரு பொய் இருந்தது. கிழித்துப் போட்டேன். நிஜமான வாக்கியங்கள் கூடி எப்படி ஒரு பொய்யை உண்டாக்குகின்றன என்ற கேள்வி மட்டும் கையில் மிஞ்சியது. இந்தக் கட்டுரை அந்த மிச்சம்தான். போய்ப் பார்த்தவன் எழுதுவதைவிடப் போகாதவனின் கற்பனையே மேல் என்று எங்களில் ஒருவர் அடிக்கடி சொல்வார். அவர் இதைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்சேபணை இல்லை.

முதலில் வசீகரத்தை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். சிக்ளடீஸ் என்கிற தீவுக்கூட்டம் ஏஜியன் கடலின் நடுவில் இருக்கிறது. சிறிதும் பெரிதுமாக இருநூறுக்கு மேல். மனிதர்கள் குடியிருப்பவை இருபத்துச் சொச்சம். டீலோஸ் என்ற புனிதத் தீவைச் சுற்றி அமைந்திருப்பதால், வட்டம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயர். இங்கே எல்லாமே குறைச்சல். மரம் குறைச்சல், மழை குறைச்சல், மண் குறைச்சல். குறைச்சலாக இருப்பதாலேயே இருப்பது ஒவ்வொன்றும் தனித்துத் தெரிகிறது. ஒரு மலைச்சரிவில் ஒரே ஒரு அத்திமரம் நின்றால், அந்தச் சரிவு முழுவதும் அந்த மரத்தை நம் கண்ணுக்குக் காட்டுவதற்காகவே இருப்பது போலத் தோன்றுகிறது. ஒரு நாற்காலி, ஒரு கதவு, சுவரோரம் படுத்திருக்கும் ஒரு பூனை. சாமான்களாலும் சப்தங்களாலும் அடைத்துக் கிடக்கும் நம் பிரக்ஞைக்கு இது பெரிய விடுதலை. மூன்றாம் நாளே எனக்குள் ஏதோ துலக்கப்பட்டதுபோல் உணர்ந்தேன். இதை நான் இப்போதும் மறுக்கத் தயாராக இல்லை.

கொஞ்சம் யோசித்தால் இந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்துவிடும். வருஷா வருஷம் பூசும் சுண்ணாம்பு வெயிலைத் திருப்பியனுப்பும், கிருமியைக் கொல்லும், எல்லாவற்றையும்விட மலிவு. மலைச்சரிவுகளில் வரிவரியாக ஏறும் கல் சுவர்கள், நாலு படி பார்லி விளைவதற்காக, இருக்கும் மண்ணை மழை அடித்துக்கொண்டு போகாமல் தடுக்கக் கட்டியவை. ஸாண்டரீனியில் எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து செய்த வீடுகள், கல்லும் மரமும் வாங்க வழியில்லாதவர்கள் குடியிருந்த குகைகள். 1956 ஜூலை பூகம்பத்தில் அவற்றில் பலவும் இடிந்தன. ஜனங்கள் ஊரைவிட்டுப் போனார்கள். இன்று அதே குகைகளில் ஒரு ராத்திரி தங்க ஆகும் செலவில் அவற்றை அன்று குடைந்தவன் ஒரு வருஷம் குடும்பம் நடத்தியிருப்பான். வசீகரம் என்று நான் கண்டது, வறுமை எடுத்துக்கொண்ட உருவம். இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. நிர்ப்பந்தத்திலிருந்து வடிவம் பிறக்கும் என்பது கலையைப் பற்றி யோசிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னைத் தொந்தரவு செய்தது வேறு. பயணத்தின் முதல் நாளே, கப்பலிலேயே அது தொடங்கியிருந்தது.

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல் சூனியன் முனையைத் தாண்டும்போது எல்லோரும் இடதுபக்கக் கம்பியருகே கூடுகிறார்கள். முனையின் உச்சியில் பொஸைடன் கோயிலின் தூண்கள் தெரியும். படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்தாற்போல் நீளமாக, மொட்டையாக ஒரு தீவு வருகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. அது மக்ரோனிஸோஸ். உள்நாட்டு யுத்த காலத்தில், 1947லிருந்து, இடதுசாரிகள் என்று சந்தேகிக்கப்பட்ட சிப்பாய்களையும் பிறரையும் கொண்டுவந்து அடைத்து, அடித்து, ‘திருந்திவிட்டேன்’ என்று கையெழுத்து வாங்கிய இடம். கைதிகளைக் கொண்டே பார்த்தெனான் போன்ற பழைய கட்டடங்களின் சின்ன மாதிரிகளை அங்கே கட்டவைத்தார்கள். கிரேக்க ஆன்மா அவர்களுக்குள் மறுபடி ஊறவேண்டுமாம். நாங்கள் தூணைப் பார்க்கக் கூடியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, அதே இடதுபக்கத்தில், தூரத்தில் இன்னொரு மொட்டைப் பாறை. யாரோஸ். அங்கே கைதிகளே செங்கல் செங்கல்லாக வைத்துக் கட்டிய பெரிய சிறைச்சாலை இப்போது கூரை போய் நிற்கிறது. 1947ல் முதல் கைதிகள் வந்தார்கள். 1967ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மீண்டும் திறந்தார்கள். 1974ல் அந்த ஆட்சி விழும்வரை விட்டு விட்டு அது கைதிகளின் தீவாகவே இருந்தது. பிறகு கடற்படை அதைப் பீரங்கிப் பயிற்சிக்குக் குறியாக வைத்துக்கொண்டது. இன்று மனிதர் யாரும் குடியில்லை. அதனாலேயே, அரிய மத்தியதரைக் கடல் சீல்கள் நிம்மதியாகக் குட்டி போடும் இடமாக ஆகியிருக்கிறது.

யாரோஸின் சரித்திரம் இருபதாம் நூற்றாண்டோடு முடிந்துவிடுவதில்லை. ரோமானியர்களும் அதைத்தான் உபயோகித்தார்கள். டாஸிட்டஸின் சரித்திரத்தில் ஒரு விசாரணை வருகிறது. கி.பி. 24. விபியஸ் செரீனஸ் என்பவன்மேல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டு. சாட்டியவன் அவன் பெற்ற மகனே. யாரோஸுக்கோ டொனூஸாவுக்கோ அனுப்பலாம் என்று செனட்டில் ஒருவன் யோசனை சொல்கிறான். சக்கரவர்த்தி டைபீரியஸ் மறுக்கிறான். இரண்டிலும் தண்ணீர் கிடையாது, உயிரை விட்டுவைத்தால் உயிர் வாழ்வதற்கு வேண்டியதையும் கொடுக்க வேண்டும் என்பது அவன் வாதம். கடைசியில் செரீனஸை அமோர்கோஸ் தீவுக்கு அனுப்புகிறார்கள். இதைப் படித்தபோது கொஞ்சம் திடுக்கிட்டேன். நான் டிக்கெட் வாங்கியிருந்ததும் அமோர்கோஸுக்குத்தான். டொனூஸா இன்று கூட்டம் பிடிக்காதவர்கள் தேடிப் போகும் அமைதியான கடற்கரை. ரோம் தண்டனைக்காகத் தயாரித்த ஜாபிதாவும் நாம் விடுமுறைக்காகத் தயாரிக்கும் ஜாபிதாவும் இந்த அளவுக்கு ஒத்துப்போவது தற்செயலாக இருக்க முடியாது. தனிமை, தூரம், எளிமை, எதுவும் நிகழாத நாட்கள்: இருவரும் ஒரே குணங்களைத்தான் தேடியிருக்கிறோம்.

அமோர்கோஸுக்குப் போகும் வழியில் மிக்கோனோஸில் இறங்கி, அங்கிருந்து படகில் அரைமணி நேரத்தில் டீலோஸுக்குப் போனேன். அப்போலோ பிறந்த தீவு. வரிசையாக உட்கார்ந்திருக்கும் பளிங்குச் சிங்கங்கள் (வெளியே இருப்பவை நகல்கள், அசல்கள் மியூசியத்துக்குள்), தரையில் டால்பின்கள் நீந்தும் வீடு, உடைந்த தூண்களுக்கிடையில் காய்ந்த புல். நான் கண்ட தீவுகளிலேயே மிகத் தூய்மையான அழகு அதுதான். அந்தத் தூய்மை ஒரு உத்தரவின் விளைவு. கி.மு. 426ல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி அப்புறப்படுத்தி, இனிமேல் இந்தத் தீவில் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று விதித்தார்கள். பிரசவ வலி கண்டவளையும் சாகக் கிடப்பவனையும் பக்கத்துத் தீவுக்குப் படகேற்றினார்கள். நாலு வருஷம் கழித்து டீலோஸ்வாசிகளையே வெளியேற்றினார்கள். பின்னால் திரும்ப வரவிட்டார்கள். ரோம் கி.மு. 167ல் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக ஆக்கிய பிறகு, ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை வாங்கி விற்றனுப்பும் சந்தையாக இது ஆயிற்று என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். பிறப்பும் சாவும் தீட்டு. மனிதனை விற்பது தீட்டில்லை.

இன்று டீலோஸில் காவல்காரர்களையும் அகழ்வாராய்ச்சிக்காரர்களையும் தவிர வேறு யாரும் இரவு தங்கக் கூடாது. கடைசிப் படகுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். படகில் உட்கார்ந்து யோசித்தேன். யாரும் பிறக்காத, யாரும் சாகாத, எல்லோரும் பார்த்துவிட்டுப் போய்விடுகிற இடம். பிரயாணியின் மனசிலுள்ள தீவு இதுதான். நாம் எந்தத் தீவுக்குப் போனாலும் நமக்குள் ரகசியமாக இந்த உத்தரவைப் பிறப்பித்துக்கொண்டுதான் போகிறோம்.

அமோர்கோஸில் மூன்று நாள் இருப்பதாகத் திட்டம். மேலே, மலைமுதுகில் இருக்கும் ஊரில் ஒரு வயதான அம்மாளின் வீட்டில் அறை கிடைத்தது. அவள் கணவர் கப்பலில் வேலை பார்த்தவர். அந்த வழியில் வந்த கப்பல் இங்கிலீஷ் அவளிடம் கொஞ்சம் இருந்தது. பாறை முகத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பதினோராம் நூற்றாண்டு மடாலயத்துக்கு முன்னூறு படி ஏறிப் போனேன். அகலம் சில அடிகள்தான். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் நேர் கீழே கடல். உள்ளே ஒரு துண்டு இனிப்பும் ஒரு சின்ன கிளாஸ் மதுவும் கொடுத்தார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கடலைப் பார்த்தேன். வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்ததில்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. எல்லோருக்கும் தோன்றுகிற எண்ணம்தான் இது.

மூன்றாம் நாள் ராத்திரி காற்று எழுந்தது. ஆடி ஆவணியில் வடக்கிலிருந்து நாட்கணக்கில் வீசும் அந்தக் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். மறுநாள் கப்பல்கள் புறப்படத் தடை. எனக்கு உள்ளூர சந்தோஷம். ஒரு நாள் இனாமாகக் கிடைத்துவிட்டது. இரண்டாம் நாளும் தடை. அன்று மடாலயத்துக்குப் போகவில்லை. துறைமுகத்துக்கு இறங்கிப் போய், மூடியிருந்த டிக்கெட் அறையின் கதவைப் பார்த்துவிட்டு ஏறி வந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், முதுகெலும்பில் பல் உதிர்ந்ததுபோல் வரிசையாக நிற்கும் பாழடைந்த காற்றாலைகளின் பக்கம் நடந்தபோது கவனித்தேன்: அந்த வெள்ளை கண்ணைக் குத்தியது, மௌனம் காதை அடைத்தது. கடல் வேலி மாதிரி இருந்தது. தீவில் ஒரு கல்கூட இடம் மாறியிருக்கவில்லை. இனி அங்கிருந்து போகமுடியாது என்ற ஒரே ஒரு விஷயம்தான் புதிது.

அறைக்குத் திரும்பியபோது அந்த அம்மாள் கேட்டாள்: “ஊரில் உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்?”

யோசித்தேன். வேலைக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. “யாருமில்லை அம்மா” என்றேன்.

“அப்புறம் ஏன் இப்படி நடந்துகொண்டே இருக்கிறீர்கள்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிறிது நேரம் கழித்துப் பேரப்பிள்ளைகளின் போட்டோவைக் காட்டினாள். இரண்டு பேரும் ஏதென்ஸில் பிறந்தவர்கள். இங்கே பிரசவம் பார்க்க வசதியில்லை, நாள் நெருங்கினால் கப்பலேறிவிட வேண்டும், காற்று வருவதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும் என்றாள். எனக்கு டீலோஸ் ஞாபகம் வந்தது. ஏதென்ஸின் உத்தரவு காலாவதியாகிவிடவில்லை. யாரும் கையெழுத்துப் போடாமலேயே அது தீவு தீவாகப் பரவிக்கொண்டிருக்கிறது. பெரிய பேரெடுத்த தீவுகளில், வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் வாத்தியாருக்கும் டாக்டருக்கும் குடியிருக்க வீடு கிடைப்பதில்லை. அறைகளெல்லாம் என் போன்றவர்களுக்கு.

ஆக, வசீகரம் என்பது தீவின் குணம் இல்லை, நம் சட்டைப்பையிலிருக்கும் திரும்பும் டிக்கெட்டின் குணம் என்று முடித்துவிடலாமா? ஊர் திரும்பிய கொஞ்ச நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கேட்பதற்குக் கூர்மையாக இருந்தது. நண்பர்களும் தலையாட்டினார்கள். ஆனால் இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன.

முதல் கோளாறு அகங்காரம் சம்பந்தப்பட்டது. மூன்று நாள் காற்றில் மாட்டிக்கொண்டவன், யாரோஸில் வருஷக்கணக்கில் கல் சுமந்தவனின் அனுபவத்தை ஏதோ ஒரு அளவில் தானும் ருசி பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வது கேவலம். எனக்கு ரொட்டி கிடைத்தது, மெத்தை கிடைத்தது, யாரும் என்னைக் கையெழுத்துக் கேட்டு அடிக்கவில்லை. பிறருடைய வேதனையை நம் சிந்தனைக்கு அலங்காரமாக எடுத்துக்கொள்வதும் ஒருவகைச் சுற்றுலாதான். கடற்கரையைப் பார்க்க வந்தவனாவது தான் எதற்கு வந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறான்.

இரண்டாவது கோளாறு வாதத்திலேயே இருக்கிறது. அழகு சுதந்திரமானவனின் சௌகரியம் மட்டும்தான் என்றால், கைதிக்கு அழகு தேவைப்பட்டிருக்கக் கூடாது. யான்னிஸ் ரிட்ஸோஸ் 1948ல் கைதாகி லெம்னோஸ், மக்ரோனிஸோஸ், ஆய் ஸ்த்ராதிஸ் என்று தீவு தீவாக அடைக்கப்பட்டார். மக்ரோனிஸோஸில் கவிதைகளை எழுதிப் பாட்டில்களில் போட்டு மண்ணில் புதைத்துவைத்தார். 1967ல் மறுபடியும் பிடித்து யாரோஸுக்கும், பிறகு லெரோஸுக்கும் அனுப்பினார்கள். தீவில் கிடைத்த கூழாங்கற்களையும் வேர்களையும் பொறுக்கி அவற்றின்மேல் முகங்களை வரைந்தார். திரும்பும் டிக்கெட் இல்லாத மனிதன். அவன் கையிலும் கல் வெறும் கல்லாக இருந்துவிடவில்லை.

இதற்கு முன்னோடியாக ஒருவர் உண்டு. நீரோ காலத்தில் முஸோனியஸ் ரூஃபஸ் என்ற ஸ்டோயிக் தத்துவவாதியை யாரோஸுக்குக் கடத்தினார்கள். தண்ணீரே இல்லாத அந்தத் தீவில் அவர் ஒரு ஊற்றைக் கண்டுபிடித்தார் என்று ஃபிலாஸ்ட்ரேட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். இந்தச் சின்னத் தகவலை நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாரோஸில் தண்ணீர் இல்லை என்பது ரோமில் உட்கார்ந்திருந்த டைபீரியஸின் தீர்ப்பு. அதில் கருணைகூட இருந்தது. ஆனால் தண்ணீரைக் கண்டவன், போக வழியில்லாமல் அங்கேயே இருந்தாக வேண்டியவன். வந்துபோகிறவனுக்குத் தீவு தன் முகத்தைக் காட்டுகிறது. மிகவும் நல்ல முகம்தான். இருந்தாக வேண்டியவனுக்கு அது முகத்தைக் காட்டுவதில்லை. அவன் தோண்ட வேண்டும். அந்த அம்மாள் எந்தக் காற்று எத்தனை நாள் நிற்கும் என்று சுவரில் கை வைத்துச் சொன்னாளே, அதுவும் இந்த வகை அறிவு. வந்துபோகிறவனின் அழகும் நிஜம், தோண்டியவனின் அழகும் நிஜம். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதும் தெரிந்துவிட்டதாகப் பேசுவதுதான் பொய். நான் கிழித்துப்போட்ட எட்டுப் பக்கங்களில் இருந்த பொய் இதுவே. அவற்றில் நான் அங்கே வாழ்ந்தவன் மாதிரி எழுதியிருந்தேன்.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமா? அது சுலபமான தர்மம். தன் கை சுத்தமாக இருந்தால் போதும் என்கிற தர்மம். நான் போகாவிட்டால் அந்த அம்மாளின் அறை காலியாக இருக்கும். யாரோஸுக்கு அதனால் ஒரு நியாயமும் கிடைத்துவிடாது. போகலாம். போகிறவன் தன் சந்தோஷத்தில் எவ்வளவு தீவினுடையது, எவ்வளவு தன் சட்டைப்பையினுடையது என்று கணக்கை நேர்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். எழுதுகிறவனானால் அந்தக் கணக்கை எழுத்திலும் காட்ட வேண்டும். இதற்கு மேல் பெரிய தீர்வு எதுவும் என்னிடம் இல்லை.

நான்காம் நாள் மத்தியானம் காற்று விழுந்தது. கப்பல் வந்தது. அந்த அம்மாள் வாசல்வரை வந்து, ஒரு காகிதப் பொட்டலத்தில் காய்ந்த அத்திப்பழம் கொடுத்தாள். சீரோஸைத் தாண்டியதும் நான் வலதுபக்கக் கம்பியருகே போய் நின்றுகொண்டேன். வரும்போது சரியாகப் பார்க்காமல் விட்டதை இந்தத் தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அதில் கொஞ்சம் பாவனையும் இருந்திருக்கும். யாரோஸ் வந்தது. மேற்கு வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மரமில்லை, ஒரு விளக்கில்லை. மடிப்பு மடிப்பாகப் பாறை, முதலில் தேன் நிறம், பிறகு ஊதா. அது குரூரமாகத் தெரியும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவ்வளவு தீவுகளையும் பார்த்து வந்தவன் சொல்கிறேன், அவற்றில் எதுவும் அந்த நேரத்து யாரோஸைப் போல அழகாக இருக்கவில்லை. கண்ணை எடுக்க முடியவில்லை. எடுக்கத்தான் வேண்டுமா என்றும் தெரியவில்லை. இருட்டி, பாறை எது கடல் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.